அறுகும் ஆறு பருவமும்

வீட்டின் முன்றிலில் பசும்புல் தரை ஒன்று விரிந்து கிடப்பின், அது கண்ணுக்கும் இனிது, காலுக்கும் இனிது. பகலெல்லாம் வெயிலை உண்ட சுவரும் கல்தளமும் மாலையில் அவ்வெப்பத்தை வெளியே உமிழும். புல்லோ தன் இலைகளிலுள்ள நுண்துளைகளின் வழியே நீராவியை விடுத்துத் தன்னையும் தன்னைச் சூழ்ந்த காற்றையும் தணித்துக்கொள்ளும். மழை பெய்யும்போது அது மண்ணை இறுகப் பற்றி அரிப்பைத் தடுக்கும்; விரைந்து ஓடும் நீரை நிறுத்தி நிலத்துள் இறக்கும். சிறுவர் விழுந்து விளையாடவும் முதியோர் மாலையில் அமர்ந்து இளைப்பாறவும் அது ஏற்ற இடமாகும். இத்துணை நலங்களுக்கும் புல் கேட்கும் விலை நீர். அந்நீரை எப்போது, எவ்வளவு, எவ்வாறு தருவது என்பதை அறியாதார் கையில் நீரும் வீணாகிறது, புல்லும் நலிகிறது.

புல்லை ஒரே மட்டமாக வெட்டித் தரைபோலப் பேணும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம் நகரங்களில் பரவியது. அவர்தம் நாட்டில் புல்தரைக்கு மிகுதியாக நீர் வார்க்கவேண்டிய தேவை இல்லை. அதன் காரணம் யாது? இங்கிலாந்தில் மழை மிகுதி என்று பலரும் எண்ணுவர். உண்மை வேறு. இலண்டன் மாநகரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதோ ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். சென்னை மழை இலண்டன் மழையைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது! ஆனால் இலண்டனில் அம்மழை பன்னிரண்டு திங்களிலும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து பெய்கிறது. வெயிலும் மென்மையாகக் காய்கிறது. சென்னையிலோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று திங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் பல திங்கள் வானம் வெறிதே நிற்கும். வெயில் நாளுக்கு நாள் ஏறும்.

இவ்வேறுபாட்டின் விளைவைச் சென்னை மக்கள் நன்கு அறிவர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அந்நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. நான்கு ஆண்டுகள் முடிவதற்குள், 2019-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அந்நகருக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய முழுதும் வறண்டன. ஜூலைத் திங்களில் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள ஜோலார்ப்பேட்டையிலிருந்து, நடை ஒன்றுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டராகத் தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. இத்தகைய நாட்டில் புல்லுக்கு நீர் வார்ப்பது வெறும் அழகுக்கலை அன்று, பொறுப்புள்ள செயல். மனிதர் குடத்தோடு காத்து நிற்கும் காலத்தில் புல்லுக்கு ஊற்றும் ஒவ்வொரு குடமும் நியாயம் கேட்கும்.

நல்வினைப் பயனாக, இந்நிலத்திற்கு ஏற்ற புல் இந்நிலத்திலேயே இருக்கிறது. அதுவே அறுகு. வயல் வரப்பிலும் வழியோரத்திலும் யாரும் நடாமல் தானே வளர்வது அது. பிள்ளையாருக்குச் சாத்தும் மாலையிலும், மணமக்களுக்குப் பெரியோர் கூறும் வாழ்த்திலும் அதற்கு இடம் உண்டு. மேல்நாட்டார் அதனைப் பெர்முடாத் தீவின் பெயரால் அழைப்பர். கொரியப் புல் போன்ற பிற இனங்களும் தோட்டங்களில் வளர்க்கப்படுகின்றன. எனினும் வெயிலையும் வறட்சியையும் தாங்குவதில் அறுகு பெரும்புகழ் வாய்ந்தது.

அதன் ஆற்றலுக்குக் காரணம் அதன் உடலமைப்பு. அறுகின் தண்டுகள் இருவகையாகப் பரவும். ஒருவகைத் தண்டு தரைமேல் ஓடிக் கணுதோறும் வேர் இறக்கும். மற்றொருவகை மண்ணுக்குள்ளேயே படர்ந்து உணவைச் சேர்த்து வைத்திருக்கும். நீரில்லாக் காலம் நீண்டால் மேலுள்ள இலைகள் பழுத்து வைக்கோல் நிறம் அடையும். காண்பவர் புல் இறந்தது என்று எண்ணுவர். ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் தண்டில் உயிர் ஒடுங்கி உறங்கும். மழை பெய்த சில நாளில் கணுக்கள் விழித்துத் தளிர்விடும். ஆழ்ந்த மண் வாய்த்தால் அறுகின் வேர் ஒரு மீட்டருக்கு மேலும் இறங்கும். ஆலோடு அறுகையும் சேர்த்து வாழ்த்திய முன்னோர் அதன் வேரை அறிந்தே வாழ்த்தினர்.

வேர் ஆழமாக இறங்குமா, மேலேயே நிற்குமா என்பது பெரும்பாலும் நீர் வார்ப்பவர் கையில் உள்ளது. நீர் வார்க்கும் முறைகள் அனைத்திற்கும் அடிப்படை இது. வேர் ஈரமும் காற்றும் ஒருங்கே உள்ள மண்ணில் மட்டும் வளரும். உலர்ந்த மண்ணுள் அது நுழையாது. நீர் தேங்கிக் காற்று அற்ற மண்ணில் அழுகும். நாள்தோறும் மாலையில் ரப்பர்க் குழாயைப் பிடித்து ஐந்து நிமிடம் தெளிப்போர் பலர். அந்நீர் மேல்மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தைத்தான் நனைக்கும். ஈரம் அங்கேயே இருப்பதால் வேரும் அங்கேயே நின்றுவிடும். மறுநாள் வெயிலில் அந்த மேல்மண் முதலில் காய்ந்துவிடும். வீட்டார் இரண்டு நாள் வெளியூர் சென்றால் அப்புல் வாடிச் சாயும். நாள்தோறும் ஊட்டப்பட்ட புல் ஒருநாள் பசியையும் தாங்கமாட்டாது.

மாறாக, ஒருமுறை வார்க்கும்போது ஒரு சாண் ஆழம் வரை மண் நனையுமாறு நிறைய வார்த்து, பின்பு பல நாள் வாராது விட்டால், மேல்மண் மெல்லக் காயும். கீழ்மண்ணில் ஈரம் தங்கும். வேர் அவ்வீரத்தைத் தேடிக் கீழே இறங்கும். அத்தகைய புல் ஒருவாரம் வெயில் காய்ந்தாலும் நிமிர்ந்து நிற்கும். இரு முறைகளிலும் செலவாகும் நீரின் மொத்த அளவை ஒப்பிட்டால், ஆழ வார்த்து இடைவெளி விடும் முறையிலேயே வீண் குறைவு. மேற்பரப்பு ஈரமாக இருக்கும் நாள்கள் குறைவதால் ஆவியாகிப் போகும் நீரும் குறைகிறது, களைகளும் குறைகின்றன.

நிறைய வார்ப்பது என்றால் எவ்வளவு? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அந்நீரின் அளவு சரியாக ஒரு லிட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் மழை என்பது சதுர மீட்டருக்கு 25 லிட்டர் நீராகும். ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள சிறு புல்தரையின் பரப்பு 25 சதுர மீட்டர். அதற்கு ஒருமுறை 25 மில்லிமீட்டர் அளவு வார்க்க 625 லிட்டர் வேண்டும். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கணக்கிடுவர். அவ்வகையில் நால்வர் கொண்ட குடும்பத்தின் ஒருநாள் தேவை 540 லிட்டர். ஒரு சிறு புல்தரை ஒருமுறை பருகும் நீர் ஒரு குடும்பத்தின் ஒருநாள் நீரினும் மிகுதி என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

குழாயிலிருந்து எவ்வளவு நீர் வருகிறது என்று அறிவதும் கடினம் அன்று. பதினைந்து லிட்டர் வாளி ஒன்று நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைக் கொண்டு பார்க்கலாம். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், 625 லிட்டர் வார்க்க ஏறத்தாழ 42 நிமிடம் ஆகும். சுழலும் நீர்தெளிப்பானைப் பயன்படுத்துவோர், ஒரே அளவுள்ள தகர டப்பாக்கள் ஐந்தாறினைப் புல்தரையின் வெவ்வேறு இடங்களில் வைத்து, அரைமணி நேரத்திற்குப் பின் ஒவ்வொன்றிலும் நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து காணலாம். ஓரிடத்தில் மிகுதியாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் விழுவது அப்போது புலப்படும். புல்லில் ஆங்காங்கே தோன்றும் பழுப்புத் திட்டுகளுக்கு நோய் காரணமா, நீர் எட்டாமை காரணமா என்பதும் தெளிவாகும்.

எல்லா மண்ணும் நீரை ஒரே வகையாக ஏற்பதில்லை. மணலில் 25 மில்லிமீட்டர் நீர் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழம் இறங்கிவிடும். விரைவில் வடிந்தும் போகும். செம்மண் கலந்த இருமண் பாங்கான நிலத்தில் அது 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இறங்கும். களிமண்ணிலோ 10 அல்லது 12 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஆனால் அங்கே நெடுநாள் தங்கும். ஆகவே சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில் சிறிது குறைத்து அடிக்கடி வார்க்கவேண்டும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் இடைவெளி நீளலாம். ஆனால் கரிசல் நீரை மெல்லவே உறிஞ்சும். ஒரேயடியாகக் கொட்டினால் நீர் மேலே வழிந்து தெருவுக்கு ஓடிவிடும். சிறிது வார்த்து, அரைமணி நேரம் நிறுத்தி, மீண்டும் வார்ப்பதே அங்கு ஏற்ற முறை. நீர் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை ஒரு கம்பியைக் கொண்டு அறியலாம். நனைந்த மண்ணில் கம்பி எளிதாக இறங்கும். உலர்ந்த மண் எதிர்ப்பட்டதும் நின்றுவிடும்.

நீர் வேண்டும் காலத்தைப் புல்லே அறிவிக்கும். தாகங்கொண்ட புல் தன் ஒளிர்ந்த பசுமையை இழந்து, நீலம் கலந்த சாம்பல் நிறம் காட்டும். இலைகள் நீளவாட்டில் மடிந்து ஊசிபோல் மெலியும். அதன்மேல் நடந்தால் மிதிபட்ட புல் உடனே நிமிராது. காலடிச் சுவடு சிறிது நேரம் தங்கும். இம்மூன்றும் தோன்றிய மறுநாட் காலையில் நீர் வார்த்தல் போதும். அதற்கு முன்பே வார்ப்பது வேரைச் சோம்பலாக்கும். பெருமரத்தின் நிழலில் அறுகு மெலிந்து வெளிறுவது உண்டு. அது தாகத்தால் விளைந்தது அன்று, ஒளியின்மையால் விளைந்தது. நிழலிடத்தில் மேலும் மேலும் நீர் வார்ப்பின் பாசியும் பூஞ்சையும் வளருமேயன்றிப் புல் வளராது.

நீர் வார்க்கத் தக்க வேளை வைகறை. அப்போது காற்று அடங்கியிருக்கும், வெயில் இராது, வார்த்த நீரிற் பெரும்பகுதி மண்ணுள் இறங்கும். கதிரவன் எழுந்த பின் இலைமேல் தங்கிய ஈரமும் காய்ந்துவிடும். நண்பகலில் வார்த்தால் நீரில் ஒரு பங்கு காற்றோடு போகும். முன்னிரவில் வார்த்தால் இலைகள் விடியுமளவும் நனைந்தே கிடந்து பூஞ்சை நோய்க்கு இடந்தரும்.

இனி, தமிழர் வகுத்த ஆறு பருவங்களிலும் புல்லின் தேவை எவ்வாறு மாறுகிறது என்பதைக் காணலாம்.

ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். இக்காலத்தில் பகல் வெயில் கடுமையாக இருப்பினும், மாலை வேளைகளில் இடியுடன் கூடிய மழை பெய்வது உண்டு. ஒரு தெருவில் கொட்டிய மழை அடுத்த தெருவில் தூறலாகவும் இராது. ஆதலால் செய்தித்தாளில் வரும் மழையளவைவிடத் தன் முற்றத்தில் வைத்த தகர டப்பாவின் அளவே வீட்டாருக்கு நம்பத்தக்கது. டப்பாவில் 25 மில்லிமீட்டர் நின்றால் அவ்வாரம் குழாயைத் தொடவேண்டுவதில்லை. பத்து மில்லிமீட்டர் நின்றால் குறைந்த பதினைந்தை மட்டும் நிரப்பலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர்த் தூறல் புழுதியை அடக்குமே தவிர வேரை எட்டாது. அதனைக் கணக்கில் சேர்க்கவேண்டா. புதிதாகப் புல் பதிப்போர்க்கு இப்பருவம் ஏற்றது. பதித்த புல்லுக்கு வேர் ஊன்றும் வரை, ஏறத்தாழ இரண்டு வாரம், மேல்மண் உலராதவாறு நாள்தோறும் சிறிது நீர் வேண்டும். ஆழ வார்க்கும் விதிக்கு இஃது ஒன்றே விலக்கு.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து அடைமழை பொழியும். இப்போது புல்லுக்கு நீர் தருவதினும், மிகுந்த நீரை வடியவிடுவதே வேலை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நீர் தேங்கினால் மண்ணின் இடுக்குகளிலுள்ள காற்று வெளியேறிவிடும். வேர் மூச்சின்றி நலியும். பள்ளங்களை மணலும் மட்கிய எருவும் இட்டு முன்னரே நிரவுதல் நன்று. தரை வீட்டிலிருந்து சிறிது சரிந்து மழைநீர்க் குழியை நோக்கி அமையின், வழியும் நீர் சாக்கடையில் சேராது நிலத்துள் சேரும். நனைந்த தரையில் மிகுதியாக நடப்பதும் புல்வெட்டும் பொறியை உருட்டுவதும் மண்ணை இறுக்கிவிடும். இறுகிய மண்ணில் கோடையில் வார்க்கும் நீர் இறங்காது. கூதிரில் செய்த பிழை வேனிலில் வெளிப்படும்.

மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மழை பின்வாங்கும், வெயில் தணியும், இரவு குளிரும். அறுகு வெப்பத்தை விரும்பும் புல் ஆதலின் இப்போது அதன் வளர்ச்சி மெல்ல நடைபெறும். நீர்த்தேவையும் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டராகக் குறையும். முன்பெய்த மழையின் ஈரமும் மண்ணில் இருக்கும். ஆகவே பத்து, பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வார்த்தால் போதும். காலையில் புல்நுனிதோறும் பனித்துளி முத்துப்போல் ஒளிர்வது கண்டு, புல் நீர் உண்டது எனக் கருதலாகாது. ஓர் இரவில் இறங்கும் பனியின் அளவு ஒரு மில்லிமீட்டரையும் எட்டாது. அதுவும் வெயில் ஏறியதும் ஆவியாகிவிடும். கோடையில் பழகிய கையோடு இப்பருவத்திலும் நாள்தோறும் நீர் ஊற்றுவோர் பலர். வீணாகும் நீரிற் பெரும்பகுதி இவ்வாறு பழக்கத்தால் வீணாவதே.

மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். புல் வளர்ப்போர்க்கு இதுவே பயிற்சிக்காலம். வானம் தெளிந்து, வெயில் ஏறத் தொடங்கும். எனினும் கடுமை இராது. இப்போது நீர் வார்க்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டினால், ஈரம் கீழே இறங்க இறங்க வேரும் அதனைத் தொடர்ந்து செல்லும். எட்டு நாளைக்கு ஒருமுறை ஆழ வார்ப்பது பொதுவாகப் போதுமானது. இப்பருவத்தில் ஆழ்ந்த வேர் வேனிலில் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இப்போது நாள்தோறும் தெளித்து மேலேயே நிறுத்திய வேர், சித்திரை வெயிலில் ஒவ்வொரு நாளும் நீர் கேட்டு வீட்டாரை அலைக்கழிக்கும்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். பெயரில் இளமை இருப்பினும் தமிழகச் சமவெளியில் வெயிலின் கொடுமை உச்சம் எய்துவது இக்காலத்திலேதான். கத்திரி வெயில் மே திங்களின் பெரும்பகுதியை ஆளும். புல்லின் தேவை நாளொன்றுக்கு நான்கு, ஐந்து மில்லிமீட்டராக உயரும். இருமண் நிலத்தில் ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை 25 மில்லிமீட்டரும், மணலில் மூன்று நாளைக்கு ஒருமுறை அதில் பாதியும் வார்க்கலாம். இப்போது புல்லை ஒட்ட வெட்டலாகாது. சற்று உயர்ந்த புல் தன் அடிமண்ணுக்குத் தானே நிழல் தரும். இலை மிகுந்தால் வேரும் ஆழும். ஒருமுறை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வெட்டாதிருப்பது எப்பருவத்திற்கும் ஏற்ற விதி. வெட்டிய நறுக்குகள் குறுகியனவாயின் அவற்றைத் தரையிலேயே விட்டுவிடலாம். அவை மட்கி மண்ணுக்கு உரமாகும்.

ஆனியும் ஆடியும் முதுவேனில். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் மழையைப் பொழிந்துவிட்டு, இப்பக்கம் பெரும்பாலும் காற்றாகவே வந்து சேரும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரேயுள்ள கோவை, பல்லடம் பகுதிகளில் அக்காற்று வலிமையோடு வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மி பறக்காவிடினும், தெளிப்பானிலிருந்து எழும் நீர்த்திவலை பறந்து அடுத்த வீட்டுச் சுவரை நனைப்பது திண்ணம். வெயில் சற்றுத் தணிந்தாற்போலத் தோன்றினாலும் உலர்ந்த காற்று இலையிலிருந்து ஈரத்தை இடைவிடாது கவர்ந்து செல்லும். ஆகவே இப்பருவத்தில் நீரை உயரத் தெளியாமல், குழாயின் வாயைத் தரையோடு தாழ்த்தி ஓடவிடுவதே நன்று. சிறு தரைக்குப் பூவாளியும் போதும்.

இவையெல்லாம் நீர் கிடைக்கும் ஆண்டிற்குரிய முறைகள். பருவமழை பொய்த்த ஆண்டில் செய்யத்தக்கது யாது? அப்போது அறுகை உறங்கவிடலாம். மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை 12 மில்லிமீட்டர் அளவு வார்த்தால், மண்ணுள் கிடக்கும் தண்டு உலர்ந்துவிடாமல் உயிரோடிருக்கும். முன்னர்க் கூறிய 25 சதுர மீட்டர்த் தரைக்கு அது திங்களுக்கு 300 லிட்டர். கோடையில் அதே தரையைப் பச்சையாக வைத்திருக்கத் திங்களுக்கு 3,000 லிட்டருக்கு மேல் வேண்டும். பத்தில் ஒரு பங்கு நீரில் புல்லின் உயிரைக் காக்கலாம். நிறத்தை மட்டும் சில காலம் இழக்கவேண்டும். உறங்கும் புல்லின்மேல் நடமாட்டத்தைக் குறைத்து, உரம் இடாது விட்டால், மழை வந்ததும் அது மீண்டும் தழைக்கும். அயலார் குடிநீருக்கு அல்லலுறும் காலத்தில் ஒரு வீட்டு முற்றம் மட்டும் பச்சையாக இருப்பது பெருமை ஆகாது.

ஆழ்துளைக் கிணறு தம்முடையது. அதன் நீரும் தம்முடையது என்று கருதுவார் உண்டு. நிலத்திற்கு வேலி இடலாம். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் மிகுதியாக இறைத்தால் அண்டை வீட்டுக் கிணற்றிலும் நீர் கீழிறங்கும். கடலோரத்தில் நன்னீரை அளவின்றி இறைத்தால் அவ்விடத்தை நிரப்பக் கடல்நீர் உட்புகும். சென்னைக்கு வடக்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் இவ்வாறு உவர்ப்பேறியது. உவர்நீரைத் தொடர்ந்து வார்த்தால் மண்ணில் உப்புப் படியும். அறுகு ஓரளவு அதனைப் பொறுத்துக்கொள்ளும். ஆயினும் நெடுநாள் பொறாது. நன்மழையே அவ்வுப்பைக் கரைத்துக் கீழே இறக்கவேண்டும்.

ஆகவே புல்தரை வைக்க விரும்புவோர் முதலில் தம் வீட்டுக் கூரையை நோக்குதல் வேண்டும். நூறு சதுர மீட்டர்க் கூரையில் சென்னையில் ஓராண்டில் விழும் மழைநீர் ஏறத்தாழ 1,40,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வழியில் போயினும் 1,12,000 லிட்டர் எஞ்சும். 25 சதுர மீட்டர்ப் புல்தரைக்கு மழையில்லா முப்பது வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை 625 லிட்டராக வார்த்தாலும், வேண்டுவது 18,750 லிட்டரே. அஃது ஏறத்தாழக் கூரைநீரில் ஆறில் ஒரு பங்கு. அத்துணை நீரைத் தொட்டியில் சேர்த்து வைப்பது அரிது. ஆனால் மண்ணைவிடப் பெரிய தொட்டி வேறு யாது? கூரைநீரைக் குழியில் இறக்கி நிலத்தில் சேர்த்தால், எடுப்பதினும் மிகுதியாகக் கொடுத்த மனநிறைவோடு வேனிலில் கிணற்றிலிருந்து இறைக்கலாம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வமைப்பு பெயரளவில் நில்லாமல், ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர் எடுத்துப் பேணப்படின் அதன் பயன் முழுமையாகும்.

குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் கொல்லைப்புறத்து வாழைக்கு விடுவது தமிழ் இல்லங்களின் பழைய வழக்கம். அரிசி, காய்கறி கழுவிய நீரையும் சவர்க்காரம் மிகாத குளியல் நீரையும் புல்லுக்கும் தரலாம். அவற்றை ஒரே இடத்தில் நாள்தோறும் விடாமல் இடம் மாற்றி விடுதலும், இடையிடையே நன்னீர் வார்த்தலும் வேண்டும். புல்தரையின் பரப்பையும் வீட்டின் நீர்வளத்திற்கு ஏற்ப வகுத்துக்கொள்வதே அறிவுடைமை. அகன்ற தரை ஒன்றை அமைத்து அதை வாடவிடுவதினும், சிறிய தரை ஒன்றைச் செம்மையாக வளர்ப்பது நன்று.

அறுகு எளிய புல். அது கேட்பது மிகுந்த நீர் அன்று, அளவறிந்த நீர். மண்ணின் இயல்பையும் பருவத்தின் போக்கையும் அறிந்து, வேண்டும் நாளில் நிறைய வார்த்து, வேண்டாத நாளில் கையைக் கட்டிக்கொண்டிருப்பவர் வீட்டில் புல் ஆழ வேரூன்றும். ஊருக்கே நீர் குறைந்த நாளில் தன் புல்லைப் பழுக்கவிடத் துணிபவர் வீட்டிலும் அது மடிவதில்லை. அடுத்த மழையின் முதல் வாரத்தில், பழுத்த தரையின் கணுதோறும் பச்சை முளைகள் தலைநீட்டும்.